லினக்ஸுக்கு மாறும் முன் சிப்பின் எண்ணைப் பாருங்கள்

விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடிந்தது. விண்டோஸ் 11-ஐ நிறுவ டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதி வேண்டும், ஓரளவு புதிய செயலியும் வேண்டும் என்பதால், நன்றாக ஓடிக்கொண்டிருந்த எத்தனையோ மடிக்கணினிகள் திடீரெனப் பழையவை ஆகிவிட்டன. அவற்றை வைத்திருப்பவர்களில் பலர் இப்போது லினக்ஸ் பக்கம் வருகிறார்கள். சிலர் வந்த வேகத்திலேயே திரும்பியும் போய்விடுகிறார்கள். போனவர்களிடம் காரணம் கேட்டால், திரையின் தோற்றம் பிடிக்கவில்லை என்று சொல்பவர்கள் குறைவு. வைஃபை வரவில்லை, பிரிண்டர் எடுக்கவில்லை, திரை கறுப்பாகவே நிற்கிறது என்பவைதான் நான் திரும்பத் திரும்பக் கேட்கும் காரணங்கள். மூன்றுமே டிரைவர் சிக்கல்கள், அதாவது கருவியை இயக்கும் நிரலில் வரும் சிக்கல்கள். இவற்றில் பெரும்பகுதியை லினக்ஸை நிறுவுவதற்கு முன்பே தெரிந்துகொள்ள முடியும் என்பதாலும், புதிதாக வருபவர்களுக்கு அதை யாரும் எடுத்துச் சொல்வதில்லை என்பதாலும் இதை எழுதுகிறேன்.

விண்டோஸில் பழகியவருக்கு டிரைவர் என்பது, தயாரிப்பாளரின் தளத்துக்குப் போய், மாடல் எண்ணைத் தேடி, இறக்கி, நிறுவ வேண்டிய ஒரு கோப்பு. லினக்ஸில் டிரைவர்களின் இயல்பான இருப்பிடம், இயங்குதளத்தின் மையப் பகுதியான கெர்னல்தான். கெர்னலின் மூலநிரலில் பெரும்பகுதி டிரைவர்களே. உங்கள் கருவிக்கான டிரைவர் அதற்குள் இருந்தால், நீங்கள் எதையும் இறக்க வேண்டியதில்லை. செருகியவுடன் வேலை செய்யும். அதில் இல்லாமல் வெளியே தனியாக வாழும் டிரைவர்தான் தொல்லை தருகிறது. கெர்னலும் டிரைவரும் பேசிக்கொள்ளும் உள் இடைமுகங்கள் நிலையாக இருக்கும் என்று கெர்னலை எழுதுபவர்கள் உறுதி தருவதில்லை. அது அவர்கள் தெரிந்தே எடுத்த முடிவு. கெர்னலின் ஆவணங்களிலேயே, அதன் முதன்மைப் பராமரிப்பாளர்களில் ஒருவரான கிரெக் குரோவா-ஹார்ட்மன் அதை விளக்கி எழுதியிருக்கிறார். ஓர் இடைமுகத்தை மாற்றுபவர், அதைப் பயன்படுத்தும் உள் டிரைவர்கள் அனைத்தையும் தாமே சேர்த்துத் திருத்திவிடுவார். வெளியே இருப்பதை அவர் திருத்த மாட்டார். உள்ளே இருக்கும் டிரைவர் வீட்டு மனிதர். வெளியே இருப்பதோ வாடகைக்குக் குடியிருப்பவர், வீட்டைத் திருத்திக் கட்டும்போதெல்லாம் மூட்டை கட்ட வேண்டியவர். ஆகவே "இந்தக் கருவிக்கு லினக்ஸ் டிரைவர் உண்டா?" என்று கேட்பதைவிட "அந்த டிரைவர் எங்கே இருக்கிறது?" என்று கேட்பதே பயன் தரும் என்பது என் கருத்து.

அதைக் கண்டுபிடிக்கப் பெட்டியின் மேல் அச்சிட்ட பெயர் உதவாது. டிபி-லிங்க் நிறுவனத்தின் டிஎல்-டபிள்யூஎன்722என் என்ற யுஎஸ்பி வைஃபை அடாப்டரை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் முதல் பதிப்பில் இருந்தது ஏதெரோஸ் ஏஆர்9271 சிப். கெர்னலில் நெடுநாளாக டிரைவர் உள்ள, லினக்ஸ்காரர்கள் தேடித் தேடி வாங்கிய சிப் அது. இரண்டாம் பதிப்பிலிருந்து உள்ளே ரியல்டெக் சிப் வந்துவிட்டது. பெயர் அதேதான், வெளித்தோற்றமும் ஏறக்குறைய அதேதான், கீழே ஒட்டிய சீட்டில் சிறிய எழுத்தில் பதிப்பு எண் மட்டும் வேறு. பழைய பரிந்துரையை நம்பி வாங்கியவர்கள் ஏமாந்து போனார்கள். மடிக்கணினிகளிலும் இப்படித்தான்: ஒரே மாடல் எண்ணில் வந்த இரண்டு மடிக்கணினிகளில் வேறு வேறு வைஃபை கார்டுகள் இருப்பது சாதாரணம்.

ஆனால் சிப் தன்னை மறைத்துக்கொள்வதில்லை. கணினிக்குள் பிசிஐ என்ற இணைப்பில் பொருந்திய கருவி ஒவ்வொன்றும் இரண்டு எண்களைச் சுமந்திருக்கிறது, தயாரித்தவருக்கு ஒன்று, கருவிக்கு ஒன்று. இன்டெல் தயாரித்தவை 8086 என்று தொடங்கும். 1978-இல் வந்த தன் புகழ்பெற்ற செயலியின் எண்ணையே அந்நிறுவனம் தன் அடையாளமாக வைத்துக்கொண்டது. பிராட்காம் 14இ4, ரியல்டெக் 10இசி, என்விடியா 10டிஇ. விண்டோஸை அழிப்பதற்கு முன்பே டிவைஸ் மேனேஜரில் கருவியின் பண்புகளைத் திறந்து, ஹார்டுவேர் ஐடி என்ற பகுதியில் இதைப் பார்த்துக் குறித்துக்கொள்ளலாம். லைவ் யுஎஸ்பியில், அதாவது நிறுவாமலே யுஎஸ்பியிலிருந்து, லினக்ஸை ஏற்றியிருந்தால் டெர்மினலில் எல்எஸ்பிசிஐ கட்டளையை -என்என்கே என்ற தெரிவுடன் (lspci -nnk) இடுங்கள். ஒவ்வொரு கருவிக்கும் பெயர், சதுர அடைப்புக்குள் எண், அதன் கீழே எந்தக் கெர்னல் டிரைவர் இப்போது அதை இயக்குகிறது என்ற வரி என அடுக்காக வரும். கடைசி வரி இல்லாத கருவிதான் உங்கள் சிக்கல். யுஎஸ்பி கருவிகளின் எண்களை எல்எஸ்யுஎஸ்பி (lsusb) காட்டும்.

எடுத்துக்காட்டாக 14இ4:4365 என்று வந்தால், அது பிராட்காம் பிசிஎம்43142. 2013-ஐ ஒட்டி வெளிவந்த விலை குறைந்த மடிக்கணினிகள் பலவற்றில் இருந்த வைஃபை சிப் இது. இன்று லினக்ஸுக்கு வரும் பழைய மடிக்கணினிகளில் இன்னும் கண்ணில் படுகிறது. பிராட்காம் சிப்களுக்காகத் தன்னார்வலர்கள் தலைகீழ்ப் பொறியியல் செய்து, அதாவது சிப் இயங்கும் விதத்தை வெளியிலிருந்தே ஆராய்ந்து, பி43 என்ற டிரைவரை எழுதினார்கள். 2010 செப்டம்பரில் அந்நிறுவனமே முன்வந்து ஒரு திறமூல டிரைவரை வெளியிட்டது. அது கெர்னலுக்குள்ளும் வந்தது. ஆனால் பிசிஎம்43142-ஐ இந்த இரண்டு வழிகளுமே தாங்கவில்லை. அதற்குள்ள ஒரே வழி டபிள்யூஎல் என்ற மூடிய டிரைவர், அதாவது மூலநிரலை முழுவதும் தராத டிரைவர். அதன் கடைசிப் பதிப்பு 2015-இல் வந்தது. அதற்குப் பிறகு கெர்னல் எத்தனையோ முறை மாறிவிட்டது; ஒவ்வொரு மாற்றத்துக்கும் ஏற்ப ஒட்டுப்போட்டு அந்த டிரைவரை உயிரோடு வைத்திருப்பவர்கள் டெபியன், உபுண்டு போன்ற வழங்கல்களின் (லினக்ஸின் வெவ்வேறு வடிவங்களின்) பராமரிப்பாளர்களே. அவர்களுடைய இந்த உழைப்பை யாரும் பெரிதாகப் பேசுவதில்லை என்பது எனக்கு எப்போதும் வருத்தம் தரும் விஷயம்.

வைஃபை டிரைவரை இறக்க இணையம் வேண்டும், இணையத்துக்கு வைஃபை வேண்டும் என்ற முட்டுச்சந்தில் பலர் நின்றுவிடுகிறார்கள். இதற்கு எளிய வழி கைப்பேசி. அதை யுஎஸ்பி வடத்தால் கணினியோடு இணைத்து, அமைப்புகளில் யுஎஸ்பி டெதரிங்கை இயக்கினால், லினக்ஸ் அதைக் கம்பிவழி வலையமைப்பாக உடனே ஏற்றுக்கொள்ளும். தனி டிரைவர் எதுவும் தேவைப்படாது. பிறகு உபுண்டுவிலும் மின்ட் என்ற வழங்கலிலும் உள்ள கூடுதல் டிரைவர்களுக்கான செயலியைத் திறந்தால், மேற்சொன்ன டபிள்யூஎல் அங்கேயே கண்ணில் படும்.

ரியல்டெக்கின் ஆர்டிஎல்8821சிஇ என்ற வைஃபை சிப்பின் கதை வேறு வகை. 2020 அக்டோபரில் வந்த 5.9 கெர்னலில்தான் அதற்கான டிரைவர் உள்ளே சேர்ந்தது. அதற்கு முன்பு இந்தச் சிப்போடு மடிக்கணினி வாங்கியவர்கள், யாரோ வெளியிட்ட மூலநிரலை இறக்கித் தாங்களே தொகுத்து (கம்பைல் செய்து) நிறுவ வேண்டியிருந்தது. அந்தக் காலத்தில் எழுதப்பட்ட வழிகாட்டிகள் இன்னும் தேடலில் முதலில் வருகின்றன. இன்று 6.8 கெர்னலோடு வந்த உபுண்டு 24.04-ஐயோ, 6.12 கெர்னலோடு வந்த டெபியன் 13-ஐயோ நிறுவியவர், அந்த வழிகாட்டியைப் பார்த்துப் பழைய டிரைவரையும் ஏற்றினால், வேலை செய்துகொண்டிருப்பதும் கெட்டுப்போகும். எந்த வழிகாட்டியையும் படிக்கத் தொடங்கும் முன் அது எழுதப்பட்ட ஆண்டைப் பாருங்கள். யுநேம் -ஆர் (uname -r) என்று தட்டி உங்கள் கெர்னல் எண்ணையும் பாருங்கள். கருவி புதியதாக இருந்து வேலை செய்யவில்லை என்றால், டிரைவரைத் தேடி அலைவதற்கு முன் இன்னும் புதிய கெர்னல் உள்ள வழங்கலின் லைவ் யுஎஸ்பியில் ஒருமுறை ஏற்றிப் பார்ப்பது நல்லது. நேற்று சந்தைக்கு வந்த மடிக்கணினியில் மூன்று ஆண்டு பழைய கெர்னலை வைத்துக்கொண்டு லினக்ஸைக் குறை சொல்வது நியாயமில்லை.

டிரைவர் உள்ளே இருந்தும் கருவி பேசாமல் இருக்கும் சந்தர்ப்பமும் உண்டு. பல சிப்களுக்கு, அவற்றுக்குள்ளேயே ஓடும் ஒரு சிறிய நிரலை, அதாவது ஃபர்ம்வேரை, ஒவ்வொரு முறை கணினி தொடங்கும்போதும் டிரைவர் ஊட்டிவிட வேண்டும். அந்த ஃபர்ம்வேர் பெரும்பாலும் மூடிய மென்பொருள். அதனால் டெபியன் தன் அதிகாரபூர்வ நிறுவியில் அதை நெடுங்காலம் சேர்க்காமலே இருந்தது; கொள்கையில் உறுதியாக இருந்த அந்த வழங்கல், வைஃபை இல்லாத நிறுவியைக் கையில் கொடுத்தது. 2022-இல் டெபியன் உறுப்பினர்கள் வாக்கெடுப்பு நடத்தி இதை மாற்றினார்கள். 2023 ஜூனில் வந்த டெபியன் 12 முதல் ஃபர்ம்வேர் நிறுவியோடு சேர்ந்தே வருகிறது. கட்டற்ற மென்பொருளின் மேல் எனக்கு இருக்கும் பற்று குறைவானதல்ல. ஆயினும் இந்த முடிவு சரியானது என்றே நினைக்கிறேன். வாசலிலேயே ஒருவரைத் திருப்பி அனுப்பிவிட்ட பிறகு அவருக்குச் சுதந்திரத்தைப் பற்றி எப்படிச் சொல்வது? கருவி இருந்தும் இயங்காதபோது டிமெசேஜ் (dmesg) கட்டளையின் வெளியீட்டில் ஃபர்ம்வேர் என்ற சொல்லைத் தேடுங்கள். கிடைக்காத கோப்பின் பெயரையே கெர்னல் அங்கு எழுதி வைத்திருக்கும்.

கறுப்புத் திரைக்கு வருவோம். என்விடியா கார்டுகளுக்குக் கெர்னலுக்குள் நூவோ என்ற டிரைவர் உண்டு. நிறுவனம் தரும் டிரைவர் வெளியே இருக்கிறது. ஜிடிஎக்ஸ் 16, ஆர்டிஎக்ஸ் 20 வரிசை முதலான கார்டுகளுக்குத் தன் கெர்னல் மாட்யூல்களின் (கெர்னலில் ஏறும் டிரைவர் பகுதிகளின்) மூலநிரலை 2022 மே மாதம் அந்நிறுவனம் திறந்துவிட்டது. ஆர்டிஎக்ஸ் 50 வரிசையில் இந்தத் திறந்த மாட்யூல்கள் மட்டுமே இயங்கும். பழைய கார்டு வைத்திருப்பவர்தான் கவனமாக இருக்க வேண்டும். ஜிடி 710 போன்ற கெப்ளர் தலைமுறைக் கார்டுகள் 470 வரிசை டிரைவரோடு நின்றுவிட்டன. அந்த வரிசைக்கு நிறுவனத்தின் பராமரிப்பும் 2024-இல் முடிந்துவிட்டது. ஜிடிஎக்ஸ் 1050, 1060 போன்றவற்றுக்கு 580 வரிசையே கடைசி. கெப்ளர் கார்டு வைத்துக்கொண்டு படம் பார்ப்பதும் ஆவணம் எழுதுவதும்தான் வேலை என்றால், மூடிய டிரைவரைத் தொடாமல் நூவோவோடு இருந்துவிடுங்கள் என்றுதான் கேட்பவர்களுக்கு நான் சொல்கிறேன்.

நிறுவனத்தின் டிரைவர் வேண்டும் என்பவர்கள், அறிந்த கையொப்பம் இல்லாத நிரலைத் தடுக்கும் செக்யூர் பூட்டைச் சந்திக்க வேண்டியிருக்கும். வெளி டிரைவர்களைப் பொதுவாக டிகேஎம்எஸ் என்ற கருவி பார்த்துக்கொள்கிறது. கெர்னல் புதுப்பிக்கப்படும்போதெல்லாம் அது டிரைவரை மறுபடி தொகுத்துக் கொடுக்கும். ஆனால் அப்படி உங்கள் கணினியிலேயே தொகுக்கப்பட்ட மாட்யூலில், மதர்போர்டு அறிந்த கையொப்பம் எதுவும் இருக்காது. செக்யூர் பூட் இயக்கத்தில் இருந்தால் கெர்னல் அதை ஏற்க மறுத்துவிடும். அதனால்தான் உபுண்டு, உங்கள் கணினிக்கென ஒரு கையொப்பச் சாவியை (எம்ஓகே) உருவாக்கி, அதைப் பதிவு செய்வதற்காக டிரைவரை நிறுவும்போது ஒரு கடவுச்சொல்லை உருவாக்கச் சொல்கிறது. பலர் எதற்கென்று தெரியாமல் எதையோ தட்டிவிட்டு மேலே போகிறார்கள். மறுதொடக்கம் செய்தவுடன், வழக்கமான திரை வருவதற்கு முன்பு, நீலப் பின்னணியில் எளிய எழுத்தில் ஒரு திரை வரும். ஏதாவது ஒரு விசையை அழுத்தும்படி கேட்டுப் பத்து வினாடிகள் எண்ணும். அந்தப் பத்து வினாடிகளைத் தவறவிட்டால் கணினி தன் போக்கில் தொடங்கிவிடும், சாவி பதிவாகாது, டிரைவரும் ஏறாது. விசையை அழுத்தி, என்ரோல் எம்ஓகே என்பதைத் தேர்ந்து, தொடர்ந்து, ஆம் என்று சொல்லி, முன்பு தட்டிய அதே கடவுச்சொல்லைக் கொடுத்தால் வேலை முடிந்தது. இந்த ஒரு திரையைப் பற்றி முன்கூட்டியே சொல்லி வைத்தால், என்விடியா குறித்த புலம்பல்களில் பெரும்பகுதி எழவே எழாது. செக்யூர் பூட்டை அணைத்துவிடு என்பதுதான் வழக்கமாகத் தரப்படும் அறிவுரை, அதற்கு அவசியமில்லை.

பிரிண்டர்களில், நம் ஊர் அலுவலகங்களிலும் ஜெராக்ஸ் கடைகளிலும் இன்றும் உழைக்கும் எச்பி லேசர்ஜெட் 1020-ஐச் சொல்லியாக வேண்டும். அணைத்துவிட்டால் அது தன் ஃபர்ம்வேரை மறந்துவிடும். ஒவ்வொரு முறை மின்சாரம் வரும்போதும் கணினிதான் அதை அனுப்பிவைக்க வேண்டும். ஆகவே லினக்ஸின் பட்டியலில் பிரிண்டர் தெரியும், அச்சிடச் சொன்னால் வரிசையில் வேலையும் சேரும், தாள் மட்டும் வராது. எச்பியின் லினக்ஸ் தொகுப்பான எச்பிலிப்பை (hplip) நிறுவிய பிறகு எச்பி-ப்ளக்இன் (hp-plugin) என்ற கட்டளையையும் இட்டு, தனியாகத் தரப்படும் மூடிய செருகியை ஏற்ற வேண்டும், அதோடு சரியாகிவிடும். புதிய பிரிண்டர் வாங்குவதாக இருந்தால் ஏர்பிரிண்ட் அல்லது ஐபிபி எவ்ரிவேர் ஆதரவு உள்ளதை வாங்குங்கள். அவற்றுக்கு டிரைவரே வேண்டாம். வலையமைப்பில் இணைந்தவுடன் லினக்ஸின் அச்சிடும் அமைப்பான கப்ஸ் அவற்றைத் தானே கண்டுகொள்ளும். கட்டற்ற மென்பொருள் இயக்கத்துக்கு வித்திட்ட நிகழ்வுகளில் ஒன்று, எம்ஐடி ஆய்வகத்தில் ஒரு பிரிண்டரின் மூலநிரல் அந்த இயக்கத்தைத் தொடங்கிய ரிச்சர்டு ஸ்டால்மனுக்குக் கிடைக்காமல் போனதுதான் என்பதை இங்கே நினைக்காமல் இருக்க முடியவில்லை.

ஒலி வரவில்லை, அமைப்புகளில் டம்மி அவுட்புட் என்று மட்டும் காட்டுகிறது என்றால், இன்டெல் மடிக்கணினிகளில் பெரும்பாலும் எஸ்ஓஎஃப் என்ற ஒலி ஃபர்ம்வேர் தொகுப்பு நிறுவப்படாததே காரணம். கைரேகை உணரிகளைப் பற்றி நம்பிக்கையாகச் சொல்ல அதிகமில்லை. அவற்றுக்கு டிரைவர் எழுதும் லிப்எஃப்பிரின்ட் திட்டத்தின் ஆதரவுப் பட்டியலில் உங்கள் எண் இல்லையென்றால், அதை மறந்துவிட்டு வேலையைப் பார்ப்பதே நல்லது. வைஃபைக்கு எந்த வழியும் இல்லாதவர்கள், மீடியாடெக் எம்டி7601யு அல்லது எம்டி7921ஏயு சிப் உள்ள யுஎஸ்பி அடாப்டரை வாங்கிக்கொள்ளலாம். இரண்டுக்கும் டிரைவர் கெர்னலுக்குள்ளேயே இருக்கிறது.

இவ்வளவுக்குப் பிறகும் வழி தெரியவில்லை என்றால் கேளுங்கள். சென்னையின் லினக்ஸ் பயனர் குழுவான ஐலக்சி, காஞ்சி லினக்ஸ் பயனர் குழு போன்றவற்றில் பொறுமையாகப் பதில் சொல்பவர்கள் இருக்கிறார்கள். கேட்கும்போது "வைஃபை வேலை செய்யவில்லை" என்று மட்டும் எழுதாமல், சிப்பின் எண், வழங்கலின் பெயரும் பதிப்பும், யுநேம் காட்டிய கெர்னல் எண், டிமெசேஜில் அந்தக் கருவியைப் பற்றி வந்த வரிகள் ஆகியவற்றைச் சேர்த்து எழுதுங்கள். அதே சிப்போடு போராடி முடித்த ஒருவர் அதைப் படித்தால், எந்தத் தொகுப்பை நிறுவ வேண்டும் என்பதை ஒரே பதிலில் சொல்லிவிட முடியும்.