குவாடல்கனாலின் ஜேக்கப் வூசா

பசிபிக் போர் என்றதும் அமெரிக்கரையும் ஜப்பானியரையும் நினைவுகூரும் நாம், அது யாருடைய மண்ணில் நடந்ததோ அந்தத் தீவு மக்களை மறந்துவிடுவது எனக்கு நெடுநாள் வருத்தம்.

சாலமன் தீவுகளில் ஒன்றான குவாடல்கனாலைச் சேர்ந்த ஜேக்கப் வூசா, கால் நூற்றாண்டு காவல் பணியாற்றி 1941இல் ஓய்வுபெற்றவர். மறு ஆண்டே போர் தம் தீவுக்கு வந்தபோது, எதிரி நடமாட்டத்தைக் கவனித்து நேச நாட்டுப் படைகளுக்குத் தெரிவிக்கும் கடலோரக் கண்காணிப்பாளர் மார்ட்டின் கிளெமென்ஸுக்குத் துணையாக, தாமே முன்வந்து வேவுப் பணி ஏற்றார். 1942 ஆகஸ்ட் 20 அன்று ஜப்பானியப் படையிடம் சிக்கினார். அவரிடமிருந்த சிறிய அமெரிக்கக் கொடியைக் கண்டெடுத்தவர்கள், மரத்தில் கட்டிவைத்து விசாரித்தார்கள். அவர் வாய் திறக்காததால் துப்பாக்கிமுனைக் கத்தியால் பலமுறை குத்தி, இறந்துவிட்டாரென்று எண்ணி விட்டுச் சென்றார்கள். அவரோ கட்டுகளைப் பல்லால் கடித்து அறுத்து, குருதி வழியக் காட்டுவழியே தவழ்ந்தும் நடந்தும் அமெரிக்க அரணை அடைந்து, எதிரிப் படையைப் பற்றித் தாம் அறிந்ததைத் தெரிவித்தார். அதை ஒட்டி மூண்ட தேனாரு சண்டையில் ஜப்பானியத் தளபதி இச்சிகியின் படைப்பிரிவு ஏறத்தாழ முழுமையாக அழிந்தது.

இதைவிடவும் என்னை வியக்கவைப்பது, அந்தக் காயங்கள் ஆறியதும் அவர் மீண்டும் களம் சென்று, அதே ஆண்டு நவம்பரில் அமெரிக்க அதிகாரி கார்ல்சனின் அதிரடிப் படைக்குக் காட்டில் வழிகாட்டியதுதான். பிரிட்டன் ஜார்ஜ் பதக்கத்தையும், அமெரிக்கா வெள்ளி நட்சத்திர விருதையும் அவருக்கு வழங்கின. 1984இல் அவர் மறைவதற்கு ஐந்து ஆண்டுகள் முன்பு சர் பட்டமும் கிடைத்தது. அது இன்னும் முன்னரே வந்திருக்க வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம்.