இளங்கலை அரசியல் அறிவியல்: நான் படித்த விதம்

அரசியல் அறிவியலில் சேர்ந்தவர்களும் சேரலாமா என்று யோசிப்பவர்களும் பெரும்பாலும் கேட்பது ஒரே கேள்விதான்: நிறைய மனப்பாடம் செய்ய வேண்டியிருக்குமா? பாடத்திட்டத்தைப் பார்த்தால் அந்தப் பயம் வருவது இயல்பு. சிந்தனையாளர்கள், அரசியலமைப்புகள், தேர்தல் முறைகள், சர்வதேச அமைப்புகள் என்று பட்டியல் நீண்டுகொண்டே போகும். பட்டப்படிப்பை முடித்தவன் என்ற முறையில் சொல்கிறேன், இந்தப் பாடத்தில் மனப்பாடம் கொஞ்ச தூரம்தான் கூட வரும். இங்கே ஒவ்வொரு கருத்தும் ஏதோ ஒரு சிக்கலுக்குப் பதிலாகப் பிறந்தது. அந்தச் சிக்கல் என்னவென்று பிடித்துவிட்டால் மற்றது நினைவில் நிற்கும்.

பதினேழாம் நூற்றாண்டு ஆங்கிலச் சிந்தனையாளர் தாமஸ் ஹாப்ஸை எடுத்துக்கொள்ளுங்கள். தேர்வுக் கையேடுகளில் அவர் மூன்று வரியில் முடிந்துவிடுவார்: இயற்கை நிலை (அரசே இல்லாமல் எல்லோரும் எல்லோரோடும் மோதும் நிலை), சமூக ஒப்பந்தம் (அதிலிருந்து தப்ப மக்கள் சேர்ந்து அரசுக்குக் கட்டுப்பட ஒப்புவது), வரம்பற்ற இறையாண்மை (அந்த அரசின் கையில் இருக்கும் இறுதி அதிகாரம்). அதோடு நிறுத்திக்கொண்டால் சர்வாதிகாரத்துக்கு வக்காலத்து வாங்கியவர் என்றுதான் தோன்றும். ஆனால் இங்கிலாந்தில் உள்நாட்டுப் போர் தொடங்கியது 1642-இல். மன்னர் முதலாம் சார்லஸின் தலை வெட்டப்பட்டது 1649-இல். ஹாப்ஸின் 'லெவியத்தான்' வெளிவந்தது 1651-இல். இந்த மூன்று ஆண்டுகளையும் ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதிப் பாருங்கள். அரசு குலைந்தால் என்ன ஆகும் என்பது அவருக்கு வெறும் கற்பனைக் கேள்வி அல்ல என்பது புரியும்.

அந்த நூலின் 13-ஆம் அத்தியாயம் சில பக்கங்கள்தான். அதையாவது மூலத்தில் படித்துவிடுங்கள். மனிதர்களை இவ்வளவு மோசமாக நினைக்கலாமா என்று கேட்பவருக்கு ஹாப்ஸ் அங்கே பதில் சொல்கிறார். பயணம் போகும்போது நீ ஆயுதம் எடுத்துப் போகிறாய். தூங்கும் முன் கதவைத் தாழிடுகிறாய். வீட்டுக்குள்ளேயே பெட்டியைப் பூட்டி வைக்கிறாய். சட்டமும் காவலும் இருக்கும்போதே இப்படியென்றால், சக மனிதர்களைப் பற்றி உன் எண்ணம்தான் என்ன? இந்த இடத்தைப் படித்த பிறகு 'இயற்கை நிலை' எனக்கு வரையறையாகத் தெரியவில்லை, பதில் சொல்லியே ஆகவேண்டிய வாதமாகத் தெரிந்தது. அப்புறம் ஜான் லாக் எளிதாகிவிடுகிறார். சரி, அந்த அரசே அத்துமீறினால் மக்கள் என்ன செய்வது என்பதுதான் அவருடைய கேள்வி. ரூசோ இன்னொரு பக்கம் இழுக்கிறார்: சட்டத்துக்குக் கீழ்ப்படிந்துகொண்டே ஒருவர் சுதந்திரமாக இருக்க முடியுமா? மூவரையும் தனித்தனிக் குறிப்புகளாக எழுதாமல் ஒரே தாளில் எதிரெதிரே எழுதி வையுங்கள். தேர்வுக்கு முந்தைய இரவில் அந்த ஒரு தாள் போதும்.

அரசியலமைப்புகளையும் இதே கண்ணோடு படிக்கலாம். ஜெர்மனியில் நாடாளுமன்றம் அரசுக்குத் தலைமை தாங்கும் சான்சலரை நீக்க வேண்டுமென்றால், அடுத்த சான்சலரைப் பெரும்பான்மையோடு தேர்ந்தெடுத்தால்தான் முடியும். 1949-ஆம் ஆண்டின் அடிப்படைச் சட்டத்தில் (அந்நாட்டின் அரசியலமைப்பு) 67-ஆவது பிரிவு இது. தனியாகப் பார்த்தால் வறட்டு விதி. அதற்கு முன், ஹிட்லர் வரும்வரை ஜெர்மனியில் இருந்த வைமர் குடியரசில் அரசைக் கவிழ்க்க மட்டும் கைகோத்து, மாற்று அரசை அமைக்க மறுத்த கட்சிகளையும், அந்த நிலையற்ற தன்மைக்கு நடுவே 1933-இல் ஹிட்லர் பதவிக்கு வந்ததையும் படித்துவிட்டு வாருங்கள். அந்த விதி எந்தக் காயத்துக்குப் போட்ட கட்டு என்று தெரியும். இந்த வழியில் ஒரு சான்சலர் வெற்றிகரமாக மாற்றப்பட்டது ஒரே ஒரு முறைதான். 1982-இல் ஹெல்முட் ஷ்மிட் போய் ஹெல்முட் கோல் வந்தார்.

தேர்தல் முறைகளைப் படிக்கும்போது எண்களோடு உட்காருங்கள். 2024 பிரிட்டன் பொதுத் தேர்தலில் தொழிற்கட்சிக்கு ஏறக்குறைய 34 விழுக்காடு வாக்கு, 650-இல் 411 இடங்கள். ரிஃபார்ம் கட்சிக்கு 14 விழுக்காடு வாக்கு, 5 இடங்கள். லிபரல் டெமாக்ரட்டுகளுக்கு அதைவிடக் குறைவாக 12 விழுக்காடு வாக்கு, ஆனால் 72 இடங்கள்! எப்படி? ஒரு கட்சியின் வாக்கு நாடு முழுக்கச் சிதறிக் கிடந்தது, இன்னொன்றின் வாக்கு வெல்லக்கூடிய தொகுதிகளில் குவிந்திருந்தது. தொகுதிக்கு ஒருவர், அதிக வாக்கு பெற்றவர் வெற்றி என்ற முறை இரு கட்சி அமைப்பை நோக்கித் தள்ளும் என்று பிரெஞ்சு அரசியல் அறிஞர் மொரீஸ் துவெர்ஜே 1951-இல் வாதிட்டார். இந்த எண்களை வைத்துக்கொண்டு அவரைச் சோதித்துப் பாருங்கள். அதே முறையில் தேர்தல் நடத்தும் இந்தியாவில் ஏன் இத்தனை கட்சிகள் என்றும் கேளுங்கள். ஒரு கோட்பாடு எங்கே பொருந்துகிறது, எங்கே பொருந்தவில்லை என்று சொல்ல வரும்போதுதான் இந்தப் பாடம் உங்கள் கைக்கு வருகிறது.

பதில் எழுதுவதும் இதன் தொடர்ச்சிதான். "இறையாண்மை காலாவதியாகிவிட்ட கருத்து: விவாதிக்க" என்று கேள்வி வந்தால் வரையறை, வகைகள், பண்புகள், முடிவுரை என்று நிரப்புவது பழகிய வழி. மதிப்பெண் கொஞ்சம் வரும், ஆனால் கேள்வி கேள்வியாகவே நிற்கும். முதல் பத்தியிலேயே உங்கள் நிலைப்பாட்டைச் சொல்லிவிடுங்கள். பிறகு இரு பக்கமும் இழுக்கக்கூடிய ஒரு சான்றைக் கொண்டு வாருங்கள். யூரோவை ஏற்ற நாடுகள் தங்கள் நாணயக் கொள்கையையே ஐரோப்பிய மத்திய வங்கியிடம் ஒப்படைத்தன. இது இறையாண்மை கரைவதற்குச் சான்று. ஆனால் 2016-இல் பொது வாக்கெடுப்பு நடத்தி, 2020-இல் பிரிட்டன் ஐரோப்பிய ஒன்றியத்தைவிட்டே வெளியேறியது. கதவு உள்ளிருந்து திறக்கிறது என்றால் இறையாண்மை எங்கே போயிற்று? இப்படி இரண்டு பத்தி எழுதுவது எட்டுப் பக்கப் பொதுப்பேச்சைவிட மேல்.

கட்சிப் பற்று உள்ளவர்களுக்கு ஒரு வார்த்தை. அரசியல் ஆர்வம் இந்தப் படிப்புக்கு நல்ல எரிபொருள், அதை விட்டுவிட வேண்டாம். ஆனால் உங்களுக்குப் பிடிக்காத கருத்தை, அதை நம்புகிறவரே படித்து "ஆமாம், நான் சொல்வது இதுதான்" என்று ஒப்புக்கொள்ளும்படி ஒரு பக்கம் எழுதிப் பழகுங்கள். எனக்கு மிகவும் பயன்பட்ட பயிற்சி இது. வகுப்பு விவாதங்களில் குரல் உயர்வது குறைந்து, கேள்விகள் கூர்மையாவதைப் பார்த்திருக்கிறேன்.

சர்வதேச உறவுகளில் யதார்த்தவாதம் (நாடுகளின் அதிகாரப் போட்டியை முன்வைப்பது), தாராளவாதம் (ஒத்துழைப்பையும் அமைப்புகளையும் முன்வைப்பது) போன்ற கோட்பாடுகளை ஒரே சமகால மோதலின்மேல் வைத்துப் பார்த்தாலே தெளிந்துவிடும். அதிகம் தவிர்க்கப்படுவது ஆய்வு முறையியல் தாள்தான். கணக்குக்குப் பயந்து பலர் ஒதுங்குகிறார்கள். முதுகலைக்கோ கொள்கை ஆய்வு வேலைக்கோ போக நினைத்தால் அதைத் தள்ளிப்போடாதீர்கள். சராசரி, மாதிரி எடுத்தல், இரண்டு விஷயங்கள் சேர்ந்து நடப்பதற்கும் ஒன்று மற்றொன்றை உண்டாக்குவதற்கும் உள்ள வேறுபாடு, இந்த அளவை முதல் ஆண்டிலேயே கற்றுக்கொண்டு, விரிதாளில் ஒரு தேர்தல் முடிவை நீங்களே தொகுத்துப் பாருங்கள். இறுதியாண்டு ஆய்வேட்டுக்குத் தலைப்பு தேடும்போது பெரும்பாலும் அந்த விரிதாளிலிருந்தே ஒரு கேள்வி கிடைத்துவிடும்.