ஆங்கில ஒழுங்கு வினைக்கு நான்கே உருவம்

தமிழில் ‘நட’ என்ற வினைக்கு இறந்தகாலத்தில் மட்டும் நடந்தேன், நடந்தோம், நடந்தாய், நடந்தீர்கள், நடந்தான், நடந்தாள், நடந்தார், நடந்தார்கள், நடந்தது, நடந்தன என்று பத்து முற்றுகள் உண்டு. ஆங்கிலத்தில் அத்தனைக்கும் ‘வாக்ட்’ ஒன்றே போதும். ஐ வாக்ட், ஷி வாக்ட், தே வாக்ட். யார் நடந்தாலும் மாறாது. நம் வினைமுற்றுகளை யோசிக்காமலே பேசிவிடுகிறவர்களுக்கு ஆங்கிலக் காலங்கள் மலைப்பாகத் தெரிவது, பன்னிரண்டு கட்டங்கள் கொண்ட அட்டவணையை முதல் நாளே மனப்பாடம் செய்யச் சொல்வதால்தான். அந்தப் பன்னிரண்டு கட்டங்களையும் நிரப்புவது வாக், வாக்ஸ், வாக்ட், வாக்கிங் என்ற நான்கு உருவங்கள். இப்படி ஈ-டி சேர்ந்து இறந்தகாலமாகிற ஒழுங்கு வினை எதுவானாலும் இந்த நான்கைத் தாண்டாது. புதிதாக மொழிக்குள் வருகிற வினைகளும் பெரும்பாலும் இப்படித்தான் வருகின்றன. ‘கூகுள்’ வினையானதும் கூகுள்ஸ், கூகுள்ட், கூகுளிங் என்று தானாக வரிசையில் நின்றுவிட்டது.

மீதி வேலையெல்லாம் துணைவினைகளுடையது. அவை ஒவ்வொன்றும் தனக்கு அடுத்த சொல் எந்த உருவத்தில் வர வேண்டும் என்று தீர்மானிக்கின்றன. இதைப் பிடித்துக்கொண்டால் அட்டவணையே தேவையில்லை. ‘வில்’லுக்குப் பின் வெறும் வினை. ‘ஹேவ்’வுக்குப் பின் ஈ-டி உருவம். தொடர்ச்சியைக் காட்டும் ஆம், இஸ், ஆர், வாஸ், வேர், பீ, பீன் ஆகியவற்றுக்குப் பின் ‘இங்’.

இருப்பதிலேயே நீளமானதைப் பிரித்துப் பார்ப்போம்: ‘ஷி வில் ஹேவ் பீன் வாக்கிங்’. முதலில் ‘வில்’ நிற்பதால் அடுத்து ‘ஹேஸ்’ வர முடியாது, ஷி என்றாலும் ‘ஹேவ்’தான். அந்த ‘ஹேவ்’ நிற்பதால் ‘பீ’ என்பது ‘பீன்’ ஆகிறது; ‘பீ’ ஒழுங்கு வினை அல்ல, அதனால் ஈ-டி உருவத்தின் இடத்தில் ‘பீன்’. ‘பீன்’ நிற்பதால் ‘வாக்கிங்’. கொக்கிக்குக் கொக்கி மாட்டிய சங்கிலி இது. காலத்தை மாற்ற வேண்டுமா? முன்பகுதியை மட்டும் மாற்றுங்கள். ‘ஷி ஹேஸ் பீன் வாக்கிங்’ என்றால் நிகழ்காலம், ‘ஷி ஹேட் பீன் வாக்கிங்’ என்றால் இறந்தகாலம். பின்னால் இருப்பவை அசைவதில்லை.

காலமும் ஆளும் முதல் சொல்லில்தான் ஏறும், அதுவும் ஒரே ஒரு முறை. ‘ஐ டிட் நாட் வாக்ட்’ தவறாவது இதனால்தான். இறந்தகாலத்தை ‘டிட்’ ஏற்கெனவே எடுத்துக்கொண்டது, அதனால் வினை வெறும் ‘வாக்’ ஆக நிற்க வேண்டும். ‘டஸ் ஷி வாக்ஸ்’ என்பதிலும் இதே பிழை. எஸ் ‘டஸ்’ஸுக்குப் போய்விட்டது, வினைக்கு மிச்சமில்லை. ‘ஹி வில் வாக்ஸ்’ என்பதும் அப்படியே. நம்முடைய ‘நடக்கவில்லை’ காலமே காட்டாது என்பதை நினைவில் வையுங்கள். நேற்று நடக்காததற்கும் இப்போது நடக்காமல் இருப்பதற்கும் அதே சொல்தான். ஆங்கிலத்தில் எதிர்மறையிலும் காலத்தைச் சொல்லியாக வேண்டும், அதைச் சொல்லத்தான் டூ, டஸ், டிட் வருகின்றன.

உருவம் சரியாக இருந்தும் வாக்கியம் தவறாகிற இடங்கள் தமிழ் பேசுகிறவர்களுக்கு மூன்று உண்டு. மூன்றுமே தமிழ் சரியாக இருப்பதால் வருகிற பிழைகள்.

‘அவர் தினமும் காலையில் நடப்பார்’ என்கிறோம். உருவம் எதிர்காலம், பொருள் வழக்கம். அதை அப்படியே ‘ஹி வில் வாக்’ என்று ஆக்கினால், கேட்பவர் இனிமேல் நடக்கப்போவதாக எடுத்துக்கொள்ள வாய்ப்பு அதிகம். வழக்கத்துக்கு ‘ஹி வாக்ஸ் எவ்ரி மார்னிங்’. இந்த நிமிடம் நடந்துகொண்டிருந்தால் மட்டும் ‘ஹி இஸ் வாக்கிங்’.

‘நேற்று ராத்திரி மழை பெய்திருக்கிறது’ நல்ல தமிழ். பெய்ததை நேரில் பார்க்கவில்லை, ஈரத்தைப் பார்த்துச் சொல்கிறோம் என்பது ‘இருக்கிறது’வில் அடங்கியிருக்கிறது. ஆங்கில ‘ஹேஸ்’ஸுக்கு அந்த வேலை கிடையாது. முடிந்த காரியத்தை இப்போதைய நிலையோடு இணைப்பதுதான் அதன் வேலை. அதனால் எஸ்டர்டே, லாஸ்ட் வீக் போன்ற முடிந்துபோன நேரச் சொல் அதோடு ஒட்டாது. ‘இட் ரெய்ன்ட் லாஸ்ட் நைட்’ என்று நேர் இறந்தகாலத்தில் சொல்ல வேண்டும். ‘ஐ ஹேவ் வாக்ட் எஸ்டர்டே’ தவறு, ‘ஐ வாக்ட் எஸ்டர்டே’ சரி. நேரத்தைச் சொல்லாமல் ‘ஐ ஹேவ் வாக்ட் டென் மைல்ஸ்’ என்றால் குறையே இல்லை.

மூன்றாவது, ‘இரண்டு வருஷமாக இங்கே வேலை செய்கிறேன்’. நமக்கு நிகழ்காலமே போதும். ஆங்கிலத்துக்கு ‘ஐ ஹேவ் பீன் வர்க்கிங் ஹியர் ஃபார் டூ இயர்ஸ்’ வேண்டும். கால அளவுக்கு ‘ஃபார்’, தொடங்கிய நேரத்துக்கு ‘சின்ஸ்’. ‘சின்ஸ் டூ இயர்ஸ்’ என்பது பலருக்குப் பழகிப்போய்விட்டதால் காதுக்குத் தவறாகவே படுவதில்லை. வேண்டுமென்றே கவனித்துத் திருத்த வேண்டிய பிழை இது.

உச்சரிப்புக்கு வந்தால், ஈ-டி எல்லா வினையிலும் தனி அசையாக ஒலிப்பதில்லை. வன்மையாகவோ மென்மையாகவோ ‘ட்’ ஒலியில் முடியும் வினைகளுக்கு மட்டும் அசை கூடும்: வெயிட்டட், வான்ட்டட், நீடட். மற்றவற்றில் மெய்யாக ஒட்டிக்கொள்ளும். வாக், ஹெல்ப், வாஷ் என்று முடிக்கும்போது தொண்டையில் விரல் வைத்துப் பாருங்கள், கடைசி ஒலியில் அதிர்வு இருக்காது. அவற்றுக்கு ஒட்டுவது வன்மையான ‘ட்’. கால், ப்ளே, ஓப்பன் ஆகியவற்றின் முடிவில் அதிர்வு தொடரும். அவற்றுக்கு ஒட்டுவது மென்மையான ‘ட்’. ‘வாக்கட்’, ‘ஹெல்ப்பட்’ என்று இரண்டு அசையாகச் சொல்வதை விட்டாலே பேச்சு பாதி சீராகும்.

எழுத்துக்கூட்டலில் பெரிய சிக்கல் இல்லை. ‘டான்ஸ்’ போல ஈ-யில் முடிந்தால் டி மட்டும் சேரும், ‘இங்’ வரும்போது அந்த ஈ விழும். ‘ஸ்டடி’யில் ஒய்க்கு முன்னால் மெய்யெழுத்து இருப்பதால் ஈ-டி சேரும்போது ஒய் போய் ஐ வரும், ‘இங்’ சேரும்போது ஒய் அப்படியே நிற்கும். ‘ப்ளே’யில் ஒய்க்கு முன்னால் உயிரெழுத்து, அதனால் எந்த மாற்றமும் இல்லை. இரட்டிப்புதான் பலரைக் குழப்புகிறது. ‘ஸ்டாப்’ ஓரசைச் சொல், ஒற்றை உயிருக்குப் பின் ஒற்றை மெய்யில் முடிகிறது, ஆகவே கடைசி எழுத்து இரட்டிக்கும். ஈரசைச் சொல்லில் அழுத்தம் எங்கே விழுகிறது என்று பார்க்க வேண்டும். அனுமதி கொடுப்பது என்ற பொருளில் வரும் ‘பர்மிட்’டில் அழுத்தம் கடைசி அசையில், இரட்டிக்கும். ‘விசிட்’டிலும் ‘ஓப்பன்’னிலும் முதல் அசையில், இரட்டிக்காது. ‘ட்ராவல்’ போன்றவை ஊருக்கு ஊர் மாறும்: பிரிட்டன் வழக்கில் எல் இரட்டிக்கும், அமெரிக்க வழக்கில் ஒற்றையாகவே நிற்கும். எதை எடுத்தாலும் ஒரே கட்டுரைக்குள் இரண்டையும் கலக்காதீர்கள்.