ஒட்டகத்தின் மீது சிங்கம்: சிசிலியின் ஒரு பட்டு மேலங்கி

வியன்னாவின் அரச கருவூலத்தில் செம்பட்டாலான ஒரு மேலங்கி பாதுகாக்கப்பட்டு வருகிறது. அதன் நடுவில் ஒரு பேரீச்சை மரமும், மரத்தின் இருபுறமும் ஒட்டகத்தை வீழ்த்தி அதன்மேல் நிற்கும் சிங்கமும் தங்க இழையாலும் முத்துக்களாலும் பூவேலை செய்யப்பட்டுள்ளன. விளிம்பைச் சுற்றி அரபு மொழியில், கூஃபி எழுத்தில், ஒரு நீண்ட வாசகம் ஓடுகிறது. அந்த அங்கி ஹிஜ்ரி 528-இல் இத்தாலியின் தெற்கே உள்ள சிசிலித் தீவின் தலைநகரில், அரசப் பணிமனையில் செய்யப்பட்டது என்று அது தெரிவிக்கிறது. நம் கணக்கில் அது 1133–34. அங்கிக்கு உரியவர் சிசிலியை ஆண்ட இரண்டாம் ரோஜர் என்ற கிறித்தவ மன்னர். பிற்காலத்தில் புனித ரோமப் பேரரசர்கள் தங்கள் முடிசூட்டு விழாக்களில் ஹிஜ்ரி ஆண்டு பொறித்த இதே அங்கியை அணிந்தார்கள்.

சிங்கம், வட பிரான்சிலிருந்து வந்து வென்ற நார்மன் அரசகுலத்தையும், ஒட்டகம், தோற்ற அரபியரையும் குறிக்கின்றன என்று பொருள் கொள்வோர் உண்டு. அந்தப் பொருள் சரியானால், தோற்றவர்களின் மொழியிலேயே எழுதி, தோற்றவர்களின் கலையிலேயே இழைத்து, அவர்களுடைய தோல்வியை மன்னரின் தோளில் போர்த்தியிருக்கிறார்கள் என்றாகிறது. இடைக்காலக் கிறித்தவ–இஸ்லாமிய உறவைப் பற்றிப் பேசுவோர் சிலுவைப் போர்களின் குருதியைச் சொல்வார்கள், இல்லையேல் ஸ்பெயினின் கொர்தோபா, சிசிலியின் பலெர்மோ போன்ற நகரங்களின் பொற்காலத்தைச் சொல்வார்கள். நானும் நெடுங்காலம் சிசிலியைப் பொற்காலக் கதையின் சிறந்த சான்றாகவே கருதி வந்தேன். நார்மன் ஆட்சியின் வரிப் பதிவேடுகளைப் பற்றிப் படிக்கத் தொடங்கிய பிறகு அந்தக் கருத்தை என்னால் தக்கவைத்துக்கொள்ள முடியவில்லை.

சிசிலியை முஸ்லிம்கள் கைப்பற்றத் தொடங்கியது 827-இல். 831-இல் பலெர்மோ வீழ்ந்தது. தீவு முழுவதும் அவர்கள் வசமாக 965 வரை ஆயிற்று. நார்மன்கள் 1061-இல் வந்தபோது அவர்களுக்கு வழி திறந்துவிட்டவர் ஒரு முஸ்லிம் அமீரே. இப்னு அல்-துமனா என்ற அவர், தம் போட்டியாளரான இன்னொரு அமீரை ஒழிப்பதற்காக அவர்களுடைய உதவியை நாடினார். 1072-இல் பலெர்மோ சரணடைந்தபோது, முஸ்லிம்கள் தங்கள் மதத்தையும் சட்டத்தையும் பேணிக்கொள்ளலாம் என்ற உறுதி அளிக்கப்பட்டது. நகரின் பெரிய பள்ளிவாசலோ மறுபடியும் தேவாலயமானது. கடைசிக் கோட்டையான நோட்டோ 1091-இல் பணிந்தது.

அதன் பிறகு நடந்ததுதான் என்னை மிகவும் யோசிக்க வைத்தது. முஸ்லிம் ஆட்சியில் கிறித்தவர்களும் யூதர்களும் ஜிஸ்யா என்ற தலைவரி செலுத்திப் பாதுகாப்புப் பெற்றிருந்தார்கள். நார்மன்கள் அந்த ஏற்பாட்டைக் கலைக்கவில்லை, திருப்பி வைத்தார்கள். இப்போது ஜிஸ்யா செலுத்த வேண்டியவர்கள் முஸ்லிம்களும் யூதர்களும். பெற்றுக்கொள்பவர் கிறித்தவ மன்னர். வரியின் பெயர்கூட மாறவில்லை. திவான் எனப்பட்ட வருவாய் அலுவலகத்தில் குடும்பத் தலைவர்களின் பெயர்கள் ஊர் ஊராக அரபியிலும் கிரேக்கத்திலும் பதிவு செய்யப்பட்டன. ஒரு கிராமத்தை ஒரு பிரபுவுக்கோ தேவாலயத்துக்கோ மன்னர் கொடையாக அளித்தபோது, ஜரீதா என்ற அந்தப் பெயர்ப்பட்டியலும் நிலத்தோடு சேர்ந்தே கைமாறியது. பட்டியலில் இருந்தவர்கள் தங்கள் பெயர்களைத் தாங்களே படித்துக்கொள்ளக்கூடிய எழுத்தில், இன்னாருக்கு உடைமையானவர்கள் என்று எழுதப்பட்டிருந்தார்கள்.

இந்த உடைமை உணர்வைப் புரிந்துகொண்டால் பல புதிர்கள் அவிழ்கின்றன. 1098-இல் சிசிலியை வென்ற நார்மன் பிரபு முதலாம் ரோஜர் தென்னித்தாலியின் காப்புவா நகரை முற்றுகையிட்டிருந்தபோது, அவருடைய படையில் இருந்த முஸ்லிம் வீரர்கள் இங்கிலாந்தின் கேன்டர்பரி பேராயர் ஆன்செல்மைக் காண வந்தார்கள். அவர்களில் சிலர் மதம் மாற ஆயத்தமாகவே இருந்தார்கள் என்றும், ரோஜரின் தண்டனைக்கு அஞ்சியே பின்வாங்கினார்கள் என்றும் ஆன்செல்மின் வாழ்க்கையை எழுதிய எட்மர் குறிப்பிடுகிறார். சிலுவைப் படைகள் எருசலேமை நோக்கிச் சென்றுகொண்டிருந்த அதே ஆண்டில், ஒரு கிறித்தவப் பிரபு தம் முஸ்லிம்கள் கிறித்தவர்களாவதைத் தடுத்துக்கொண்டிருந்தார்! எட்மர் இதன் காரணத்தை ஆராய முனையவில்லை. திருச்சபையின் சொல்லுக்குக் கட்டுப்படாத ஒரு படை எந்த ஆட்சியாளருக்கும் அருமையானது என்பதே காரணம் என்று எனக்குத் தோன்றுகிறது.

ஒரு நூற்றாண்டுக்குப் பிறகு எழுதிய அரபு வரலாற்றாசிரியர் இப்னு அல்-அதீரும் இந்த ரோஜரைப் பற்றி ஒரு கதை சொல்கிறார். ஆப்பிரிக்கக் கரையைக் கிறித்தவப் படைகளோடு சேர்ந்து தாக்கலாம் என்று யாரோ யோசனை கூறியபோது, ரோஜர் காலைத் தூக்கி, சபையில் சொல்லத் தகாத ஓர் ஒலியால் பதில் அளித்தாராம். பிறகு கணக்குச் சொன்னாராம்: வென்றால் நாடு அவர்களுக்குப் போகும், என் தானிய வருமானம் போய்விடும், தோற்றால் என்னிடமே திரும்பி வருவார்கள், அந்தக் கரையின் அமீர் ஒப்பந்தத்தை மீறினாய் என்பார். கதை அப்படியே நடந்திருக்க வேண்டும் என்பதில்லை. ஆனால் அக்காலத்து முஸ்லிம் வாசகர்களுக்கு அது நம்பத்தக்கதாக இருந்தது என்பதே ஒரு வரலாற்றுச் செய்தி.

அவருடைய மகன் இரண்டாம் ரோஜரின் அவையில்தான் அல்-இத்ரீசி என்ற முஸ்லிம் அறிஞர் அன்று அறியப்பட்ட உலகத்தை வெள்ளித் தகட்டில் வரைவித்து, அதற்கு விளக்கமாகப் பெரும் புவியியல் நூலொன்றையும் எழுதினார். ஹிஜ்ரி 548 ஷவ்வால் மாதத்தில், அதாவது 1154 ஜனவரியில், அது நிறைவடைந்தது. பொற்காலக் கதையைச் சொல்பவர்கள் இந்த நூலைத் தவறாமல் குறிப்பிடுவார்கள். அதற்கு முந்தைய மாதத்தை, அந்த ஆண்டின் ரமலானை, அவர்கள் குறிப்பிடுவது அரிது. அதே மன்னரின் கடற்படைத் தலைவரான மஹ்தியாவின் பிலிப், வெளியே கிறித்தவராகவும் உள்ளே முஸ்லிமாகவும் வாழ்ந்தார் என்ற குற்றச்சாட்டின் பேரில், அந்த ரமலானில்தான் பலெர்மோவில் எரித்துக் கொல்லப்பட்டார். வெளிப்படையாக முஸ்லிமாக இருந்த அறிஞருக்கு அவையில் இருக்கை கிடைத்தது; கிறித்தவராகிவிட்ட பிறகு பழைய நம்பிக்கையை மறைத்து வைத்திருந்ததாகச் சொல்லப்பட்டவருக்குத் தீ கிடைத்தது. 1161-இல், அவருக்குப் பின் வந்த மன்னர் முதலாம் வில்லியமுக்கு எதிரான கலகத்தின்போது பலெர்மோவில் முஸ்லிம்கள் வெட்டப்பட்டார்கள், அரண்மனைப் பணியாளர்கள் உட்பட. மன்னரின் கை தளர்ந்தவுடன் அவருடைய உடைமை கொள்ளைப் பொருளானது.

1184 டிசம்பரில், ஹஜ்ஜை முடித்துத் தாயகம் திரும்பிக்கொண்டிருந்த அந்தலூசிய (முஸ்லிம் ஸ்பெயின்) பயணி இப்னு ஜுபைர் மெசினாவுக்கு அருகில் கப்பல் உடைந்து கரையேறினார். கரைசேர்த்த படகுக்காரர்களுக்குக் கூலி கொடுக்க இயலாத ஏழை முஸ்லிம் பயணிகளுக்காக மன்னர் இரண்டாம் வில்லியமே பணம் கொடுக்கச் செய்தார். அரபு எழுதப் படிக்கத் தெரிந்த மன்னர் என்று இப்னு ஜுபைர் வியக்கிறார். பலெர்மோவில் கிறிஸ்துமஸ் நாளன்று கிறித்தவப் பெண்கள் முக்காடிட்டு, மருதாணி பூசி, முஸ்லிம் பெண்களைப் போலவே தேவாலயத்துக்குச் சென்றதையும் எழுதி வைத்திருக்கிறார். ஆனால் அவருடைய பயணக் குறிப்பில் என் நெஞ்சை விட்டு அகலாத இடம் வேறு. தீவின் மேற்குக் கரையில், ஒரு முஸ்லிம் குடும்பத் தலைவர் இப்னு ஜுபைரின் சக பயணி ஒருவரிடம் தம் மகனை அனுப்பி, மணமாகாத தம் மகளை ஏற்றுக்கொள்ளுமாறு வேண்டுகிறார். அவரே மணந்துகொள்ளலாம், அல்லது தம் நாட்டில் தகுந்த ஒருவருக்கு மணமுடித்து வைக்கலாம். தாமும் ஒருநாள் முஸ்லிம் நாட்டுக்குத் தப்பிவிடலாம் என்ற நம்பிக்கையோடு, மகளைப் பிரியத் துணிந்தே அந்தத் தந்தை கேட்கிறார். பலெர்மோவின் திருநாள் ஊர்வலத்தில் தெரியாத ஏதோ ஒன்று அவருக்குத் தெரிந்திருந்தது.

வில்லியம், தாம் நிறுவிய மொன்ரேயாலே மடாலயத்துக்கு மேற்குச் சிசிலியின் பெரும் பரப்பை, அங்கே வாழ்ந்த முஸ்லிம் உழவர்களோடு சேர்த்து, ஏற்கெனவே கொடையாக அளித்திருந்தார். 1189-இல் அவர் இறந்ததும் பலெர்மோவில் மீண்டும் தாக்குதல் நடந்தது. முஸ்லிம்கள் மலைகளுக்கு ஓடி, யாத்தோ, எந்தெல்லா கோட்டைகளிலிருந்து பல ஆண்டுகள் போரிட்டார்கள். அவர்களை அடக்கி, 1220-களில் இத்தாலியப் பெருநிலத்தின் லூச்சேரா நகருக்குக் கடத்தத் தொடங்கியவர், புனித ரோமப் பேரரசராகவும் சிசிலி மன்னராகவும் இருந்த இரண்டாம் பிரெடரிக். 1229-இல் எகிப்தின் சுல்தான் அல்-காமிலோடு பேச்சுவார்த்தை நடத்தியே எருசலேமைப் பெற்று, அங்கே முஸ்லிம்களின் புனித வளாகத்தை அவர்களிடமே விட்டுவைத்த அதே பிரெடரிக்தான். லூச்சேராவின் வில்லாளிகள் அவருக்காக இத்தாலியப் போர்களில் சண்டையிட்டார்கள்; திருச்சபையிலிருந்து விலக்கும் போப்பின் ஆணை அவர்களை அசைக்காது என்பது அவருக்கு வசதியாக இருந்தது. 1300-இல், கடனில் மூழ்கியிருந்த, அப்போது தென்னித்தாலியை ஆண்ட அஞ்சூ வம்சத்து இரண்டாம் சார்லஸ் லூச்சேராவைக் கலைத்து, மக்களை அடிமைகளாக விற்கச் செய்தார்.

சிசிலி அரசின் பகுதியாக இருந்த மால்டாவிலிருந்தும் முஸ்லிம்கள் பதின்மூன்றாம் நூற்றாண்டில் மறைந்துபோனார்கள். அவர்கள் பேசிய அரபிலிருந்து வந்த மால்டிய மொழியில் அங்குள்ள கத்தோலிக்கர்கள் இன்றும் கடவுளை 'அல்லா' என்றே அழைக்கிறார்கள். உயிர்ப்புப் பெருவிழாவுக்கு முந்தைய தவக்காலத்தை 'ரண்டான்' என்கிறார்கள்.