வெள்ளைக் கோட்டுக்கு உள்ளே ஒரு மீட்டர்

பைக்கை எடுத்துக்கொண்டு கிளம்பும் பிள்ளையிடம் நம் வீடுகளில் சொல்லும் வார்த்தை, "பாத்து ஓரமாப் போ அப்பு." அக்கறையில் வரும் சொல்தான். ஆனால் காரைக்குடி, தேவகோட்டை, திருப்பத்தூர், திருமயம் பக்கம் இருவழிச் சாலைகளில் எதிரே வரும் பஸ்ஸோ டிப்பரோ முந்திக்கொண்டு நம் பாதையில் ஏறும்போது, ஓரம் மட்டும் நம்மைக் காப்பாற்றாது. கணக்குப் போட்டுப் பார்த்தால் ஏன் என்று தெரியும்.

வழக்கமான இருவழிச் சாலையில் தார் அகலம் 7 மீட்டர், ஒரு பக்கத்துக்கு மூன்றரை. பஸ், லாரியின் அகலம் சட்டப்படி 2.6 மீட்டர் வரை போகலாம். கண்ணாடிகள் அதற்கும் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். லாரியை பஸ் முந்துகிறது என்றால் இரண்டும் சேர்ந்து 5.2 மீட்டர். நடுவே அரை மீட்டராவது இடைவெளி வேண்டும். லாரியும் தன் பக்கத் தார் விளிம்பை ஒட்டி ஓடாது, ஒரு முப்பது சென்டிமீட்டராவது விட்டுத்தான் ஓடும். மொத்தம் 6 மீட்டர் போய்விட்டது. உங்களுக்கு மிஞ்சுவது ஒரே ஒரு மீட்டர். சாதாரண பைக்கின் ஹேண்டில்பார் அகலம் முக்கால் மீட்டர். ஆக, தார் விளிம்பிலேயே நூல் பிடித்தாற்போல் ஓட்டினாலும் இருபுறமும் பத்துப் பன்னிரண்டு சென்டிமீட்டர்தான். பால்கேன் கட்டியிருந்தால், பின்னால் ஒருசாய்த்து உட்கார்ந்தவரின் முழங்கால் வெளியே நீட்டியிருந்தால், அதுவும் கிடையாது.

அப்படியானால் எங்கே ஓட்டுவது? இடது தார் விளிம்பிலிருந்து ஒரு மீட்டர், ஒன்றேகால் மீட்டர் உள்ளே. கார்களின் இடது சக்கரம் ஓடி ஓடிச் சுத்தமான தடம் அங்கேதான் இருக்கும். ஜல்லிப்பொடி, மணல், உடைந்த கண்ணாடி எல்லாம் ஓரத்தில் போய்ச் சேர்ந்திருக்கும். நாற்பதைத் தாண்டாத மொபெட் என்றால் கொஞ்சம் இடப்பக்கம் போகலாம், ஆனால் அரை மீட்டருக்குக் குறையக் கூடாது. இப்படி ஓட்டுவதில் இரண்டு பயன். முதலாவது, எதிரே லாரிக்குப் பின்னாலிருந்து எட்டிப் பார்க்கும் டிரைவர் கண்ணுக்கு நீங்கள் சாலையில் வரும் ஒரு வாகனமாகத் தெரிவீர்கள். ஓரத்து வெள்ளைக் கோட்டின் மேல் ஓடும் பைக்கைப் பார்த்தால் "பைக்தானே, ஒதுங்கிக்குவான்" என்று அந்த நொடியிலேயே அவர் முடிவு செய்துவிடுகிறார். இரண்டாவது பயன் எனக்கு இன்னும் முக்கியமாகப் படுகிறது: நெருக்கடி வரும்போது ஒதுங்க உங்களுக்கு ஒரு மீட்டர் கையிருப்பு இருக்கும். முதலிலேயே ஓரத்தில் ஓட்டுகிறவருக்கு அடுத்த இடம் மண்தான், அதுவும் அறுபது கிலோமீட்டர் வேகத்தில்.

இப்போது தூரக் கணக்கு. லாரி 60-இல் போகிறது, பஸ் 80-இல் முந்துகிறது. பின்னால் விட்ட இடைவெளி 10 மீட்டர், லாரி நீளம் 10, பஸ் நீளம் 12, முந்தியபின் உள்ளே வர இன்னொரு 10. ஆக லாரியைவிட 42 மீட்டர் கூடுதலாக பஸ் ஓட வேண்டும். வேக வித்தியாசம் நொடிக்கு ஐந்தரை மீட்டர்தான், எனவே ஏழரை நொடி ஆகும். அதற்குள் பஸ் 167 மீட்டர் வந்துவிடும். நீங்கள் 60-இல் வந்தால் 125 மீட்டர் போயிருப்பீர்கள். கூட்டினால் 290 மீட்டர். சாலைகளுக்கு அளவு வகுக்கும் இந்தியச் சாலைக் காங்கிரஸின் வடிவமைப்பு அளவில் 80 கிலோமீட்டர் வேகச் சாலைக்கு முந்தும் பார்வைத் தூரம், அதாவது முந்தக் கிளம்புகிறவருக்கு முன்னால் தெரிய வேண்டிய சாலை, 470 மீட்டர். டிரைவர் யோசிக்கும் நேரம் எல்லாம் அதில் அடக்கம். நம் ஊர் டைமிங் ஓட்டத்தில் இருநூறு மீட்டர் இருந்தாலே வெளியே வந்துவிடுகிறார்கள்.

ஆக்சிலேட்டரை விட்டு 60-இலிருந்து 40-க்கு இறங்கிவிட்டால் அதே ஏழரை நொடியில் நீங்கள் போகும் தூரம் 83 மீட்டராகக் குறையும். நாற்பது மீட்டர் மிச்சம். பஸ் உள்ளே போய்ச் சேருவதற்கும் சேராததற்கும் உள்ள வித்தியாசம் பல நேரம் இந்த நாற்பது மீட்டருக்குள்தான் இருக்கிறது. ஹார்ன் அடிப்பது, கையைக் காட்டுவது, திட்டுவது எல்லாம் இதற்கு அப்புறம்.

முந்நூறு மீட்டரைக் கண்ணால் அளப்பது கடினம். கிலோமீட்டர் கற்களுக்கு நடுவே 2, 4, 6, 8 என்று எண் போட்ட சின்னக் கற்கள் இருக்குமே, அவை 200 மீட்டருக்கு ஒன்று. ஓய்வாக ஓட்டும் நாளில் ஒரு கல்லிலிருந்து அடுத்த கல்லைப் பார்த்துப் பழகுங்கள். ஒன்றரைக் கல் தூரத்துக்குள் எதிரே ஒரு முகப்பு விளக்கு நடுக்கோட்டைத் தாண்டி எட்டிப் பார்த்தால், அந்த நொடியே வேலை தொடங்க வேண்டும்.

வரிசை இதுதான். ஆக்சிலேட்டரை மூடுங்கள். மிரரில் பின்னால் யார் என்று ஒரு பார்வை. பிரேக்கை இரண்டு மூன்று தடவை லேசாகத் தொட்டால் சிவப்பு விளக்கு விட்டுவிட்டு எரியும், பின்னால் வருபவருக்கு அதுவே தகவல். பிரைட் லைட்டை ஒரு நொடிக்கு மேல் நிறுத்திப் போடுங்கள். "டக்" என்று ஒரு சிமிட்டு சிமிட்டினால், "நீ வா" என்று சொன்னதாக எடுத்துக்கொள்கிறவர்களும் உண்டு. பிறகு கையிருப்பு ஒரு மீட்டரைச் செலவழித்து இடது விளிம்புக்கு வாருங்கள், வண்டி நேராக நிமிர்ந்தபடி. பார்வை பஸ் மேல் இருக்கக் கூடாது. எங்கே பார்க்கிறோமோ கை அங்கே போகும். விளிம்பை ஒட்டி முன்னால் காலியாக இருக்கும் இடத்தைப் பாருங்கள். முந்தும் பஸ்ஸுக்குப் பின்னாலேயே ஒட்டிக்கொண்டு ஒரு கார் வரும். நம் பக்கத்தில் இது வாடிக்கை. பஸ் உள்ளே போனதும் தளர்ந்துவிடாதீர்கள், அந்தக் கார் போகும்வரை விளிம்பிலேயே இருங்கள்.

சில நேரம் மண்ணில் இறங்கியே தீர வேண்டும். இங்கேதான் ஆட்கள் விழுகிறார்கள், பஸ் இடிக்காமலேயே. நம் சாலையோரம் பெரும்பாலும் செம்மண்ணும் சரளையும். உருண்டைச் சரளை சக்கரத்துக்கு அடியில் உருளும். மழைக்குப் பிறகு தாருக்கும் மண்ணுக்கும் நடுவே அரித்து நாலு விரல், ஆறு விரல் பள்ளம் விழுந்திருக்கும். தார் மேல் இருக்கும்போதே பிரேக்கை முழுதாக உபயோகித்து இருபது, இருபத்தைந்துக்குக் கொண்டுவாருங்கள். முன் சக்கரம் இறங்கும் கணத்தில் முன் பிரேக்கை விட்டுவிட வேண்டும். பிடித்தபடி இறங்கினால் சக்கரம் பூட்டிக்கொண்டு வழுக்கி, வண்டி படுத்துவிடும். முழங்காலால் டேங்கை இறுக்குங்கள், கை தளர்வாக, ஹேண்டில் நேராக. மண்ணில் பின் பிரேக் மட்டும், அதுவும் மெல்ல.

இதில் ஒரு நுணுக்கம். 125 சிசி வரையுள்ள வண்டிகளுக்கு 2019 ஏப்ரலில் சிபிஎஸ் (இரண்டு சக்கர பிரேக்கையும் இணைக்கும் அமைப்பு) அல்லது ஏபிஎஸ் (சக்கரம் பூட்டாமல் தடுக்கும் அமைப்பு) கட்டாயமானது. பெரும்பாலும் சிபிஎஸ்தான் இருக்கும். சிபிஎஸ் வண்டிகளில் காலால் (ஸ்கூட்டரில் இடது கையால்) பின் பிரேக்கைப் பிடித்தாலும் முன் சக்கரத்திலும் பிரேக் விழும். அதனால் மண்ணில் பின் பிரேக்தானே என்று ஓங்கி மிதிக்க முடியாது. அதற்கு மேற்பட்ட சிசியில் ஏபிஎஸ் இருக்கும், ஆனால் ஒற்றைச் சேனல் என்றால் அது முன் சக்கரத்துக்கு மட்டும். பின் சக்கரம் பூட்டும். உங்கள் வண்டியில் என்ன இருக்கிறது என்று தெரிந்துகொண்டு, ஆளில்லாத பொட்டலில் இருபதில் ஓட்டிப் பிரேக் பிடித்துப் பாருங்கள்.

திரும்பத் தாரில் ஏறுவது இறங்குவதைவிட ஆபத்து. சாய்வாக விளிம்பை உரசிக்கொண்டே ஏற முயன்றால் டயரின் பக்கவாட்டு தார் விளிம்பில் மாட்டி, வண்டி வலப்பக்கம் சாலைக்கு நடுவே விழும். அவசரமே வேண்டாம். மண்ணில் நின்றுவிடுங்கள், வலது தோளுக்கு மேல் திரும்பிப் பாருங்கள், பிறகு முதல் கியரில் விளிம்பைக் குறுக்காக, முடிந்த அளவு செங்கோணத்தில் ஏறுங்கள்.

பின்னாலிருந்து முந்துகிறவர்கள் வேறு ரகம். பெரிய வண்டி நெருங்கும்போது அதன் முகப்புக் காற்று நம்மை இடப்பக்கம் தள்ளும். வண்டி பாதி தாண்டியதும் உள்ளே இழுக்கும். தள்ளுவதற்கு எதிராக ஹேண்டிலை இறுக்கி வலப்பக்கம் அழுத்திக்கொண்டிருந்தால், இழுக்கும் நொடியில் நாமே அந்தப் பெரிய வண்டியின் பின் சக்கரத்தை நோக்கிப் போவோம். கண்மாய்க் கரை மேல் போகும் சாலைகளில் மரமும் இல்லாமல் குறுக்குக் காற்றும் சேர்ந்துகொள்ளும். கை தளர்வாக, ஆக்சிலேட்டர் லேசாகக் குறைந்து, தடம் மாறாமல் இருந்தால் போதும். முந்த விடுங்கள். முந்தப்படும்போது வேகத்தைக் கூட்டுவது சட்டப்படியும் தவறு, 2017 ஓட்டுநர் ஒழுங்குமுறை விதிகளில் அது இருக்கிறது.

வலப்பக்கம் ஊருக்குள் திரும்பும் இடங்கள் தனிக் கவலை. நெடுஞ்சாலையிலிருந்து கிளைச் சாலைக்குத் திரும்ப, இண்டிகேட்டர் போட்டு நடுக்கோட்டுக்கு நகரும் பைக்கை, அதே நேரம் முந்த வலப்பக்கம் ஏறிய கார் அடிப்பது அடிக்கடி நடக்கிறது. வலது இண்டிகேட்டருக்கு இங்கே பல அர்த்தம் வந்துவிட்டது. லாரிக்காரர் போட்டால் "முந்தாதே, எதிரே வண்டி வருது" என்றும் எடுத்துக்கொள்கிறார்கள், அவரே திரும்பப் போகிறார் என்றும் எடுத்துக்கொள்கிறார்கள். பைக்கின் சின்ன இண்டிகேட்டர் நடுப்பகல் வெயிலில் தெரிவதே இல்லை. பின்னால் வேகமாக எதுவும் வந்தால் நடுக்கோட்டுக்குப் போகவே போகாதீர்கள். இடது ஓரம் இறங்கி நில்லுங்கள், எல்லாம் போகட்டும், இரண்டு பக்கமும் பார்த்துக் குறுக்கே நேராகக் கடந்து போங்கள். அரை நிமிடம்தான் ஆகும்.

கரையோர வளைவுகளில் சீமைக்கருவேல மரம் சாலைக்குள் கவிந்து எதிரே வருவதை மறைக்கும். வளைவில் நீங்கள் உள்பக்கம் இருந்தாலும் வெளிப்பக்கம் இருந்தாலும் நடுக்கோட்டை ஒட்டாதீர்கள், எதிரே முந்திக்கொண்டு ஒருவர் வருவதாகவே வைத்துக்கொள்ளுங்கள். தை மாதம் இன்னும் கூடுதல் கவனம். பழனிக்கு நகரத்தார் காவடியோடு நடப்பவர்கள் சாலையோரம் வருவார்கள், அவர்களுக்காக விலகும் வண்டி நம் பக்கம் ஏறும். சிராவயல் மஞ்சுவிரட்டு நாளில் திருப்பத்தூர் சாலை எப்படி இருக்கும் என்று ஊர்க்காரர்களுக்குச் சொல்ல வேண்டாம்.

வண்டியில் பார்க்க வேண்டியது கொஞ்சம்தான், ஆனால் விடக்கூடாதது. மிரரைக் கழற்றி வைப்பவர்களைப் பார்த்தால் எனக்கு மனது பதறுகிறது. இரண்டு மிரரும் வேண்டும், உள்விளிம்பில் உங்கள் முழங்கை லேசாகத் தெரியும்படி. ஆடினால் அடியிலுள்ள லாக் நட்டை இறுக்குங்கள், பெரும்பாலும் 14-ஆம் நம்பர் ஸ்பேனர். குவிந்த கண்ணாடி என்பதால் பின்னால் வருவது நிஜத்தைவிடத் தள்ளித் தெரியும், அதையும் கணக்கில் வையுங்கள். ஹெட்லைட்டைச் சுவரிலிருந்து 5 மீட்டர் தள்ளி நிறுத்தி டிம்மில் பாருங்கள்: வெளிச்சத்தின் மேல்விளிம்பு விளக்கின் உயரத்தைவிட ஐந்து சென்டிமீட்டர் கீழே விழ வேண்டும். இருவர் ஏறினால் பின்பக்கம் அமுங்கி விளக்கு மேலே தூக்கும், அதனால் வழக்கமாக இருவர் போகிறவர்கள் இருவரும் உட்கார்ந்தபடி சரிபாருங்கள். தூக்கிய விளக்கு எதிரே முந்துகிறவர் கண்ணைக் கூசவைத்தால், உங்கள் தூரத்தை அவரால் கணிக்க முடியாது. ஹெல்மெட் ஐஎஸ் 4151 முத்திரை உள்ளதாக, வார் பூட்டியதாக.

ஆபத்தாக முந்துவது மோட்டார் வாகனச் சட்டம் 184-ஆம் பிரிவில் வருகிறது. 2019 திருத்தத்துக்குப் பின் முதல் தடவைக்கே ஆறு மாதம் முதல் ஒரு வருடம் வரை சிறை, அல்லது ஆயிரம் முதல் ஐயாயிரம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். புகார் கொடுக்க நினைத்தால் வண்டி எண், நேரம், பக்கத்திலிருந்த கிலோமீட்டர் கல்லின் எண் மூன்றும் வேண்டும். ஓட்டியபடி போனைத் தொடாதீர்கள். எண்ணை வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே அடுத்த டீக்கடையில் நிறுத்தி எழுதுங்கள். யாராவது விழுந்து கிடந்தால் 108, போலீஸ் வேண்டுமென்றால் 112, தேசிய நெடுஞ்சாலை என்றால் 1033-உம் உண்டு. அடிபட்டவருக்கு நல்லெண்ணத்தோடு உதவுகிறவர் மேல் வழக்கு வராதபடி அதே சட்டத்தின் 134ஏ பிரிவு பாதுகாப்புக் கொடுக்கிறது. ஹெல்மெட்டைப் பதறிக் கழற்றாதீர்கள், மூச்சு விடுகிறார் என்றால் கழுத்தை அசைக்காமல் ஆம்புலன்ஸ் வரும்வரை பிடித்துக்கொள்ளுங்கள். பின்னால் வரும் வண்டிகளை நிறுத்த ஐம்பது அறுபது மீட்டருக்கு முன்னாலேயே ஒருவரை நிற்க வையுங்கள்.