காலையில் கயா, மாலையில் புத்தகயா

அப்பாவுக்குப் பிண்டம் வைக்கத்தான் கயா போனேன். பல்குனி ஆற்றங்கரையில் விஷ்ணுபாதம். இப்போதிருக்கும் கோயில் 1787இல் மராத்திய அரசி அகல்யாபாய் ஹோல்கர் கட்டியது. பிடித்த காய் ஒன்றை, இனிச் சாப்பிடுவதில்லை என்று, இங்கே விட்டுவிட வேண்டும் என்றார்கள். நான் பாகற்காயை விட்டேன். (பிடித்த காயா என்று கேட்காதீர்கள். அப்பா இருந்திருந்தால் சிரித்திருப்பார்.)

அப்புறம் ஷேர் ஆட்டோ பிடித்து புத்தகயா. புத்தர் ஞானம் பெற்ற இடத்தில் இருக்கும் மகாபோதி கோயில். செல்போனை வெளியே வைத்துவிட்டுத்தான் உள்ளே விடுகிறார்கள். நல்லதுதான், கண்ணால் பார்த்தேன். இப்போது நிற்கும் அரசமரம் 1880களில் நட்டது, பழைய மரத்தின் வழிவந்தது. உதிரும் ஒவ்வொரு இலைக்கும் ஓடுகிறார்கள். ஓர் இலை என் மடியிலேயே விழுந்தது. பக்கத்திலிருந்த திபெத்தியப் பாட்டி ஒன்றும் பேசாமல் கையை நீட்டினார். கொடுத்துவிட்டேன்.