மகளுக்கு 18 ஆவதற்குள்

கலிஃபோர்னியாவில், கிழக்கு சான் ஹோசே நூலகம் ஒன்றில் சனிக்கிழமைதோறும் குடியுரிமைத் தேர்வுக்கு வகுப்பெடுக்கிறேன். எனக்கே இன்னும் கிரீன் கார்டு வரவில்லை என்பது வேறு கதை. நான் உடனிருந்து முடித்த விண்ணப்பங்களில் அதிகம் பதறவைத்தது ஒரு மெக்சிகோ அம்மாவுடையது.

மூத்த மகளுக்கு 17 வயது. மெக்சிகோவில் பிறந்தவள், கிரீன் கார்டு உண்டு. தங்கை இங்கேயே பிறந்ததால் பிறவிக் குடிமகள். 2000-ஆம் ஆண்டுச் சட்டப்படி, தாயோ தந்தையோ குடியுரிமை பெற்றால், அவர்கள் பொறுப்பில் கூடவே வாழும், கிரீன் கார்டுள்ள பிள்ளைக்கும் அது தானாக வந்துவிடும். தேர்வு கிடையாது. ஆனால் 18 வயது ஆவதற்குள் நடக்கவேண்டும். அதுவும் நேர்காணலில் தேறினால் போதாது, அம்மா உறுதிமொழியே எடுத்திருக்க வேண்டும்.

குடியுரிமை விண்ணப்பமான என்-400 படிவத்தை ஆன்லைனில் போட்டோம், 710 டாலர். அப்போதைய தேர்வில் 100 கேள்விகளைப் படிக்கவேண்டும். பத்து கேட்பார்கள், ஆறு சரியானால் தேர்ச்சி. பாடம் நடத்தியது மகள்கள்தான். "மெக்சிகோவை ஒட்டிய மாநிலம் ஒன்றைச் சொல்" என்ற கேள்விக்கு அம்மா நான்கையும் மடமடவென்று ஒப்பிக்க, மூவரும் சிரித்த சிரிப்பில் நூலகர் எட்டிப் பார்த்தார்.

"உனக்கென்ன, நீதான் அமெரிக்கக் குடிமகளாச்சே" என்றேன் தங்கையிடம்.

"பேப்பர்ல சரி மிஸ். ஸ்கூல்ல அமெரிக்கன்னா வெள்ளைக்காரப் பசங்கதான். மாமாவுக்குப் பேப்பரே இல்ல. அவர் வேலை முடிஞ்சு வர்ற வரைக்கும் வீட்ல யாருக்கும் சாப்பாடு இறங்காது. என் பாஸ்போர்ட்டை வச்சு என்ன பண்ண?"

அக்காவுக்கு ஓட்டுரிமை மேல்தான் ஆசை என்று நினைத்திருந்தேன். "அம்மாவை இனி யாரும் நாடு கடத்த முடியாதுல்ல? எனக்கு வர்றது இனாம்" என்றாள்.

பிறந்தநாளுக்குச் சில வாரங்கள் முன்பு உறுதிமொழி முடிந்தது. அம்மாவின் சான்றிதழ், மகளின் கிரீன் கார்டு, ஆங்கில மொழிபெயர்ப்புடன் பிறப்புச் சான்றிதழ் ஆகியவற்றை வைத்து நேராகப் பாஸ்போர்ட்டுக்கு விண்ணப்பித்தோம். தனிக் குடியுரிமைச் சான்றிதழுக்கான என்-600 ஆன்லைனிலேயே 1,335 டாலர். அதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

பாஸ்போர்ட் படிவத்தை மடித்து வைத்ததுமே மாமாவுக்குக் கிரீன் கார்டு கேட்டு அம்மா மனுப் போடலாமா என்று கேட்டாள் மூத்தவள். போடலாம். ஆனால் மெக்சிகோக்காரர்களுக்கு உடன்பிறந்தோர் வரிசையில் 20 ஆண்டுகளுக்கு மேல் காத்திருப்பு. அனுமதியில்லாமல் தங்கிய காலம் வேறு குறுக்கே நிற்கும். இது என் கைக்கு மீறியது. குடியேற்ற வழக்கறிஞரைப் பார்க்கச் சொல்லியிருக்கிறேன்.